எந்தக் கட்டத்தில் எழுதுவது?

முன்பின் தெரியாத மனிதர் ஒருவர் நம் வீட்டு வாசலில் வந்து நின்று, "தாங்கள் எந்த இனத்தைச் சேர்ந்தவர்?" என்று கேட்டால் நமக்கு என்ன தோன்றும்? "உமக்கு ஏன் ஐயா அந்தக் கவலை?" என்று திருப்பிக் கேட்கத்தான் தோன்றும். வந்தவர் சர்க்கார் மனிதர் என்று தெரிந்தால் அதை வாய்விட்டுக் கேட்காமல் மனத்துக்குள் கேட்டுக்கொள்வோம். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால், இந்தக் கேள்வியை நாற்பது வருஷங்களுக்கு மேலாக ஒரு தேசத்தில் வீட்டு வாசலில் நின்று கேட்டு வந்திருக்கிறார்கள். வரி போடுவதற்காக அல்ல. யாருக்கு வேலை இருக்கிறது, யாருக்கு இல்லை என்று அறிவதற்காக. அந்தத் தேசம் பிரிட்டன். கணக்கின் பெயர் 'லேபர் போர்ஸ் ஸர்வே'. உழைப்பாளர் கணக்கெடுப்பு என்று நாம் சொல்லலாம். ஒரு காலத்தில் நம்மை ஜாதி ஜாதியாக எண்ணிப் புத்தகம் புத்தகமாக அச்சிட்டு வைத்த அதே பிரிட்டன், தன் சொந்த வீட்டில் இந்தக் கேள்வியைக் கேட்க எவ்வளவு தயங்கிற்று, பிறகு எப்படிக் கேட்டது, கேட்டதனால் யாருக்கு என்ன பயன் என்பதை அறிவது நமக்கு நல்லது. அங்கே அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லுகிறவர்களில் தமிழர்களும் இருக்கிறார்கள் என்பது இன்னொரு காரணம்.

கணக்கு எடுக்கும் விதம்

பிரிட்டன் 1973-ம் வருஷம் ஐரோப்பிய சமூகத்தில் சேர்ந்தது. அந்த வருஷமே இந்தக் கணக்கெடுப்பும் ஆரம்பமாயிற்று. 1983 வரையில் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறையும், 1984 முதல் வருஷந்தோறும், 1992 முதல் மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் எடுத்து வந்தார்கள்.

ஜனத்தொகைக் கணக்கைப் போல இது எல்லா வீடுகளுக்கும் போவதில்லை. பெரும்பாலும் தபால் இலாகாவின் விலாசப் பட்டியலிலிருந்து, சீட்டுக் குலுக்கி எடுப்பதுபோல, சில பதினாயிரம் வீடுகளைப் பொறுக்கி எடுக்கிறார்கள். 1992-க்குப் பிறகு ஏற்பட்ட முறைப்படி, அகப்பட்ட வீட்டை மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாக ஐந்து தடவை விசாரிக்கிறார்கள். வீட்டில் இல்லாதவருக்காக மற்றொருவர் பதில் சொல்லலாம். பதில் சொல்ல மாட்டேன் என்றும் சொல்லலாம், கட்டாயம் இல்லை.

கேட்பவை பெரும்பாலும் வேலையைப் பற்றிய கேள்விகள். சென்ற வாரத்தில் ஒரு மணி நேரமாவது கூலிக்கு வேலை செய்தவர் 'வேலையில் இருப்பவர்'. வேலை இல்லாமல், சென்ற நான்கு வாரங்களுக்குள் வேலை தேடி, கிடைத்தால் இரண்டு வாரத்துக்குள் சேரத் தயாராக இருப்பவர் 'வேலையில்லாதவர்'. சர்க்காரிடம் உதவிப் பணம் வாங்குகிறாரா இல்லையா என்பதைப் பற்றிக் கவலை இல்லை. ஆகையால், உதவி கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் இருக்கும் வாலிபனும் இந்தக் கணக்கில் அகப்படுகிறான். இவற்றோடு வயது, படிப்பு, ஊர், தொழில் எல்லாவற்றையும் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளுக்கு நடுவே இனத்தைப் பற்றிய கேள்வியும் ஒன்று. அது தனியாக நிற்காமல் மற்றவற்றோடு சேர்ந்து நிற்பதில்தான் அதன் பயன் இருக்கிறது. ஏன் என்பதைப் பிறகு பார்ப்போம்.

பிறந்த ஊர் போதுமா?

இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பிறகு பிரிட்டனில் ஆலைகளுக்கும் ரயில்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் ஆள் போதவில்லை. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து கப்பல்களில் ஜனங்கள் வந்தார்கள். பஞ்சாப், மீர்ப்பூர், சில்ஹெட் பிரதேசங்களிலிருந்து வந்தவர்கள் பிராட்போர்டு கம்பள ஆலைகளிலும் மத்திய இங்கிலாந்தின் வார்ப்படச் சாலைகளிலும் சேர்ந்தார்கள். வேலை கொடுத்தவர்கள் இருந்தார்கள். தோலின் நிறத்தைப் பார்த்துக் கதவைச் சாத்தியவர்களும் இருந்தார்கள்.

1966, 1967 வருஷங்களில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தார் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரே தகுதியுள்ள மூன்று பேரை ஒரே வேலைக்கு அனுப்பினார்கள்: ஒருவர் வெள்ளைக்கார ஆங்கிலேயர், ஒருவர் ஹங்கேரியிலிருந்து வந்த வெள்ளையர், ஒருவர் கறுப்பர் அல்லது ஆசியர். ஹங்கேரிக்காரருக்குப் பல இடங்களில் கதவு திறந்தது. மூன்றாமவருக்குத்தான் பெரும்பாலும் "இடம் இல்லை" என்ற பதில் கிடைத்தது. அந்நியர் என்பது காரணமல்ல, நிறமே காரணம் என்பது இதனால் விளங்கிற்று. 1968-ல் வந்த சட்டம் வேலை கொடுப்பதில் இன வேற்றுமை காட்டக் கூடாது என்றது. 1976-ம் வருஷத்துச் சட்டம் அதை இன்னும் பலப்படுத்திற்று.

சட்டம் வந்துவிட்டது. அது பலிக்கிறதா என்று அறிவது எவ்வாறு? சோதனைக்கு ஆள் அனுப்பிச் சில நூறு கம்பெனிகளைப் பார்க்கலாம். தேசம் முழுவதையும் பார்க்க வேண்டுமானால் கணக்கு வேண்டும். கணக்குக்கு, யார் யார் எந்த இனம் என்று தெரிய வேண்டும்.

முதலில் பிறந்த தேசத்தைக் கேட்டுப் பார்த்தார்கள். அதில் ஒரு வேடிக்கை நேர்ந்தது. நம் தேசத்தில் கலெக்டராகவோ பட்டாளத்து அதிகாரியாகவோ இருந்த வெள்ளைக்காரரின் பிள்ளை உதகமண்டலத்தில் பிறந்திருந்தால், அவர் 'இந்தியாவில் பிறந்தவர்' கணக்கில் ஏறினார். பஞ்சாபித் தம்பதிகளுக்குப் பிராட்போர்டில் பிறந்த குழந்தை 'பிரிட்டனில் பிறந்தவர்' கணக்கில் ஏறிற்று. வேலை தேடப் போனால் கதவு யாருக்குச் சாத்தப்படும் என்பதற்கும் இந்தக் கணக்குக்கும் சம்பந்தமே இல்லை! 1971-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கில் பெற்றோர் பிறந்த தேசத்தையும் கேட்டுப் பார்த்தார்கள். அதிலும் சிக்கல் முழுவதும் தீரவில்லை.

இன்னொரு முறையும் இருந்தது. 1971-ல் ஆரம்பமான மற்றொரு சர்க்கார் ஸர்வேயில், விசாரிக்க வந்தவர் எதிரே இருந்தவர் முகத்தைப் பார்த்து, 'வெள்ளையர்' என்றோ 'நிறமுள்ளவர்' என்றோ தாமே குறித்துக்கொண்டார். குறிக்கப்பட்டவருக்கு அது தெரிய வேண்டிய அவசியம் இல்லை. கணக்கு எழுதுகிறவருக்கு இது மிகச் சுலபமான வழி. கணக்கில் ஏறுகிறவருக்கு இதைவிட அவமானமான வழி வேறு இல்லை.

1979-ம் வருஷம்

உழைப்பாளர் கணக்கெடுப்பில் 1979-ல் இனக் கேள்வி சேர்ந்தது. விசாரிப்பவர் முகத்தைப் பார்த்து எழுதக் கூடாது. ஒரு சீட்டை நீட்டி, "இவற்றில் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்று தங்களைத் தாங்கள் கருதுகிறீர்கள்?" என்ற கருத்தில் கேட்க வேண்டும். 1980-களில் அந்தச் சீட்டில் இருந்த பெயர்கள் இவை: வெள்ளையர், மேற்கிந்தியர் அல்லது கயானாக்காரர், இந்தியர், பாகிஸ்தானியர், வங்காள தேசத்தார், சீனர், ஆப்பிரிக்கர், அராபியர், கலப்பு மரபினர், மற்றவர்.

இந்தச் சீட்டில் குற்றம் சொல்ல எவ்வளவோ இடம் உண்டு. ஆனால், எழுதும் அதிகாரம் பார்ப்பவனிடமிருந்து பதில் சொல்பவனிடம் மாறியதே, அது பெரிய மாறுதல்.

அதே 1979-ல் ஜனத்தொகைக் கணக்கு இலாகாவும் லண்டனில் ஹாரிங்கே என்னும் பகுதியில் இனக் கேள்வியை வைத்து ஒரு வெள்ளோட்டம் பார்த்தது. வெள்ளோட்டம் கரை சேரவில்லை. குடியுரிமைச் சட்டத்தை மாற்றப் போகிறார்கள் என்ற பேச்சு அப்போது பலமாக இருந்தது. "இன்று எண்ணுவார்கள், நாளை மூட்டை கட்டச் சொல்வார்கள்" என்ற பயம் பரவிற்று. பலர் படிவத்தைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை. அவர்களுடைய பயத்தை அறியாமை என்று நாம் சொல்ல மாட்டோம். 1972-ல் உகாண்டாவிலிருந்து ஆசியர்கள் துரத்தப்பட்டு ஏழு வருஷங்களே ஆகியிருந்தன.

விளைவு என்னவென்றால், 1981-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கில் இனக் கேள்வி இடம் பெறவில்லை. 1991-ல்தான் அது முதல் முறையாக இடம் பெற்றது. இடையே இருந்த பத்து வருஷ காலத்தில், வெள்ளையரல்லாதார் எத்தனை பேர், அவர்கள் வேலையின் நிலைமை என்ன என்பதற்குத் தேசத்துக்குப் பெரிதும் ஆதாரமாக இருந்தது உழைப்பாளர் கணக்கெடுப்புத்தான்.

பிரித்துப் பார்த்ததன் பயன்

1991-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கு காட்டிய எண்கள் சிலவற்றைப் பாருங்கள். வேலைக்குரிய ஆண்களில் நூற்றுக்கு எத்தனை பேர் வேலையில்லாமல் இருந்தார்கள்? வெள்ளையரில் சுமார் 11 பேர். இந்தியரில் சுமார் 13. பாகிஸ்தானியரில் சுமார் 29. வங்காள தேசத்தாரில் சுமார் 31.

இந்த மூவரையும் 'ஆசியர்' என்ற ஒரே கட்டத்தில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இந்தியர் தொகையில் அதிகமானதால், நடுத்தரமான ஓர் எண் கிடைத்திருக்கும். "ஆசியர் நிலை கொஞ்சம் மோசந்தான், ஆனாலும் பரவாயில்லை" என்று மந்திரிகள் நிம்மதியாக இருந்திருப்பார்கள். மூன்றில் ஒருவருக்கு வேலையில்லாத வங்காள தேசத்துக் குடும்பங்களின் துயரம் அந்த நடுத்தர எண்ணுக்குள் புதைந்து போயிருக்கும். பிரித்து எழுதினதனால்தான் அது வெளியே வந்தது.

எண் வெளியே வந்தவுடன், "ஏன்?" என்று கேட்கலாம். பிராட்போர்டிலும் லங்காஷயரிலும் ஆலைகள் மூடப்பட்டதனாலா? படிப்புக் குறைவினாலா? ஆங்கிலம் தெரியாததனாலா? அல்லது நிறத்தினாலா? இங்கேதான் உழைப்பாளர் கணக்கின் பெருமை விளங்குகிறது. அதில் படிப்பு, வயது, ஊர் எல்லாம் இருப்பதால், ஒரே படிப்பும் ஒரே வயதும் உள்ளவர்களை ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. அப்படி ஒப்பிட்ட ஆராய்ச்சியாளர்கள், சமமான தகுதி இருந்தும் சில இனத்தார் பின்தங்கி நிற்பதைத் திரும்பத் திரும்பக் கண்டார்கள். தலையை மட்டும் எண்ணினால் இது தெரியாது.

'மற்றவர்' என்னும் கட்டம்

நிற்க. நம்மவர் சங்கதிக்கு வருவோம்.

இலங்கைத் தமிழர்களில் டாக்டர்களும் இஞ்சினீயர்களும் முதலிலேயே பிரிட்டனுக்குப் போயிருந்தார்கள். 1983-ம் வருஷத்துக் கொடுமைகளுக்குப் பிறகு ஆயிரக்கணக்கானவர்கள் அகதிகளாகப் போனார்கள். லண்டனில் ஈஸ்ட் ஹாம், டூட்டிங், ஹாரோ முதலிய இடங்களில் குடியேறினார்கள். ஊரில் பட்டம் பெற்றவர்களில் பலர் அங்கே கடைகளிலும் பெட்ரோல் நிலையங்களிலும் இரவு பகலாக உழைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார்கள். 2011-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கில், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் ஒரு லட்சம் பேர் தங்கள் முக்கிய மொழி தமிழ் என்று எழுதினார்கள்.

இவர்களில் ஒருவர் வீட்டுக்கு உழைப்பாளர் கணக்கெடுப்பவர் வந்து சீட்டை நீட்டுவதாக வைத்துக்கொள்வோம். இந்தியர்? இல்லை. பாகிஸ்தானியர்? இல்லை. வங்காள தேசத்தார்? இல்லை. சீனர்? ஐயோ, இல்லை. கடைசியில் மிஞ்சுவது 'வேறு ஆசிய மரபினர்' என்ற கட்டம். நேபாளத்திலிருந்து வந்த பழைய கூர்க்கா சிப்பாயும், பிலிப்பைன்ஸிலிருந்து ஆஸ்பத்திரி வேலைக்கென்றே அழைத்து வரப்பட்ட தாதியும், அகதியாக வந்த யாழ்ப்பாணத்து ஆசிரியரும் அந்த ஒரே கட்டத்தில் தோளோடு தோள் உரசி நிற்கிறார்கள். தாதிக்கு வேலை நிச்சயம். ஆசிரியருக்குத் தம் பட்டத்துக்கு ஏற்ற வேலை நிச்சயமில்லை. இருவரையும் கூட்டி வகுத்தால் வரும் எண் இருவரில் யாருக்கும் பொருந்தாது.

அதே வீட்டில் தமிழகத்திலிருந்து வந்த மருமகள் இருந்தால் அவள் 'இந்தியர்' கட்டத்துக்குப் போவாள். பேசுவது ஒரே தமிழ். சாப்பிடுவது ஒரே அடுப்பில் வெந்த சோறு. கணக்கில் மட்டும் இரண்டு வேறு இனம்! அவர்களுக்குப் பிறக்கும் குழந்தை எந்தக் கட்டம் என்று நேயர்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

ஆனால், 'தமிழர்' என்று தனிக் கட்டம் போட்டுவிட்டால் தீர்ந்துவிடுமா? அங்கேதான் எண்கள் குறுக்கே நிற்கின்றன. நாற்பதினாயிரம் வீடுகளை விசாரிக்கிறார்கள் என்று கொள்வோம். தேசத்தில் நூறில் ஒரு பங்காக இருக்கும் இனத்தாருக்கு அதில் நானூறு வீடுகள் கிடைக்கும். ஐந்நூறில் ஒரு பங்கே உள்ள இனத்தாருக்கு எண்பது வீடுகள்தான். அந்த எண்பது வீடுகளில் வேலையில்லாதவர் பத்துப் பேர் என்று வந்தால், அடுத்த முறை ஏழும் வரலாம், பதினான்கும் வரலாம். தேசத்தில் ஒன்றும் மாறியிராது. சீட்டு விழுந்த வீடுகள் மட்டும் மாறியிருக்கும். இதற்காகவே 1980-களில் இரண்டு மூன்று வருஷத்துக் கணக்குகளை ஒன்றாகச் சேர்த்து இனவாரி விவரங்களை வெளியிட்டார்கள்.

ஆக, கட்டம் அகலமானால் துயரம் மறைகிறது. குறுகினால் கணக்குத் தடுமாறுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவேதான் சீட்டு எழுதுகிறவர்கள் நடக்க வேண்டியிருக்கிறது. 2001-ல் புதிய வரிசை. 2011-ல் சீனரை 'ஆசியர்' தலைப்பின்கீழ் மாற்றி இன்னொரு வரிசை. ஒவ்வொரு மாறுதலும் நியாயந்தான். ஆனால், ஒவ்வொரு மாறுதலிலும் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் இணைக்கும் நூல் அறுகிறது.

கேட்காமல் இருந்தால் என்ன?

"இந்தத் தொல்லையே வேண்டாம், எல்லாரும் பிரஜைகள், இனத்தைக் கேட்காதே" என்பவர்களும் உண்டு. பிரான்ஸ் தேசம் அப்படித்தான் செய்கிறது. 1978-ம் வருஷத்துச் சட்டம் இத்தகைய தகவல் சேகரிப்பதைக் கட்டுப்படுத்திற்று. அதைத் தளர்த்த முயன்றபோது 2007 நவம்பரில் அரசியலமைப்புச் சபை தடுத்துவிட்டது. அங்கே வேலைக் கணக்கில் ஒருவர் பிறந்த தேசத்தையும், பெற்றோர் பிறந்த தேசத்தையும் கேட்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அல்ஜீரியாவிலிருந்து வந்தவரின் பேரன் இதனால் கணக்கில் தனியாகத் தெரிய மாட்டான். வேலை கொடுப்பவர் கண்ணுக்கு மட்டும் அவன் நன்றாகத் தெரிவான்.

அவர்கள் தயக்கத்துக்கும் காரணம் உண்டு. ஹிட்லர் ஆட்களிடம் ஹாலந்து சிக்கியபோது, அங்கே ஒழுங்காக வைத்திருந்த பிரஜைகள் பதிவேடுகளும், 1941-ல் யூதர்களைப் பதியச் செய்த பட்டியலுமே யூதர்களை வீடு வீடாகத் தேடிப் பிடிக்க உதவின. அந்தத் தேசத்து யூதர்களில் சுமார் முக்கால் பங்கினர் மாண்டார்கள்.

பெயரும் விலாசமும் இனமும் சேர்ந்த பதிவேடு வேறு. சில பதினாயிரம் வீடுகளை விசாரித்துப் பெயரில்லாமல் எண்களை மட்டும் வெளியிடும் ஸர்வே வேறு என்பது உண்மை. ஆனால், வாசலில் நிற்பவரைப் பார்த்து இந்த வித்தியாசத்தை நம்ப வேண்டியவர் வீட்டுக்காரர். நம்பிக்கை குறைந்தால் கதவு திறக்காது. கதவு திறக்காமற் போவதற்கு இனக் கேள்வி ஒன்றே காரணமல்ல. பொதுவாகவே ஜனங்களுக்கு ஸர்வேக்களில் சலிப்பு ஏற்பட்டிருக்கிறது. கோவிட் நோய்க் காலத்தில் 2020-ல் நேரில் போவது நின்றது. 2023-ம் வருஷத்து இலையுதிர் காலத்துக்குள், அணுகிய வீடுகளில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவானவையே பதில் அளித்தன. அந்த அக்டோபரில் உழைப்பாளர் கணக்கிலிருந்து வரும் வேலையில்லாதார் எண்ணை வழக்கம்போல் வெளியிட முடியாமல் நிறுத்தி வைத்தார்கள். தேசம் முழுவதற்குமான எண்ணே இப்படித் தடுமாறினால், சிறிய இனத்தாரின் எண்பது வீடுகள் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நமக்கு உரியது

இந்த விவகாரம் நமக்கு அந்நியமானது அல்ல. நம் தேசத்தில் எல்லா ஜாதிகளையும் எண்ணி வெளியிட்டது 1931-ல்தான் கடைசி. சுதந்திர இந்தியாவின் ஜனத்தொகைக் கணக்கு 1951 முதல் பட்டியல் ஜாதியாரையும் பழங்குடியினரையும் மட்டும் தனியே எண்ணி வந்தது. 2017-ல் ஆரம்பமான நம் உழைப்பாளர் கணக்கெடுப்பில் பட்டியல் ஜாதியார், பழங்குடியினர், பிற பிற்பட்ட வகுப்பினர், மற்றவர் என்று நான்கே கட்டங்கள். அடுத்த ஜனத்தொகைக் கணக்கில் ஜாதியையும் எண்ணப் போவதாக மத்திய சர்க்கார் 2025 ஏப்ரல் 30-ம் தேதி அறிவித்தது. ஆகவே, பிரிட்டன் பட்ட பாட்டை நாம் கவனிப்பது வீண் போகாது.

அந்த அநுபவத்திலிருந்து நாம் அறிவன மூன்று. முதலாவது, தன்னை இன்னார் என்று சொல்லும் உரிமை தனக்கே உரியது. பார்ப்பவர் ஊகித்து எழுதலாகாது. இரண்டாவது, 'மற்றவர்' என்ற கட்டம் பெருத்துப் போனால், சீட்டில் தவறு இருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கட்டத்துக்குள் யார் யார் நெருக்கிக்கொண்டு நிற்கிறார்கள் என்று வருஷந்தோறும் பார்க்க வேண்டும். மூன்றாவதே முக்கியமானது: எதற்காக எண்ணுகிறோம் என்பதை எண்ணுவதற்கு முன்னால் சொல்ல வேண்டும், எண்ணி முடித்த பிறகு, அதனால் யாருக்கு வேலை கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். முன்னதைச் செய்து பின்னதைச் செய்யாத சர்க்காருக்கு, அடுத்த முறை கதவு திறக்காது.

ஈஸ்ட் ஹாமில் இருக்கும் யாழ்ப்பாணத்து ஆசிரியரை அந்தச் சீட்டு 'வேறு ஆசியர்' என்று அழைப்பதில் நமக்கு வருத்தம் உண்டு. ஆனால், அவர் மகள் படித்துப் பட்டம் பெற்று உத்தியோகம் தேடிப் போகும்போது, சமமாகப் படித்த மற்றப் பெண்களுக்குக் கிடைப்பது அவளுக்கும் கிடைக்கிறதா என்று கேட்க, யாரிடமாவது கணக்கு ஒன்று இருக்க வேண்டும். அதற்காகவாவது அவர் கதவைத் திறந்து, சீட்டை வாங்கிப் பார்த்து, பொருந்தாத கட்டத்திலேனும் ஒரு குறி இடுவது நல்லது. கட்டம் பொருந்தவில்லை என்று எழுதி அனுப்பவும் அவருக்கு உரிமை உண்டு. அப்படி எழுதிக்கொண்டே இருந்தவர்களால்தான் அந்தச் சீட்டு இதுவரை மாறி வந்திருக்கிறது.